நிற்காமல் போன லாரியையும் எண்ணுங்கள்: சாலையோரச் சரக்குக் கணக்கெடுப்பு – கேள்வி பதில்

சரக்கு லாரிகளைச் சாலையோரம் நிறுத்தி விவரம் கேட்கும் கணக்கெடுப்பைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பாதிக்கு மேல் வினாத்தாளைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். வினாத்தாள் முக்கியம்தான். ஆனால் நான் பார்த்த கணக்கெடுப்புகளில் பெரும்பாலானவை கெட்டுப்போனது, நிறுத்தாமல் விட்ட லாரிகளை மறந்ததால். என் பதில்கள் திரும்பத் திரும்ப அங்கேயே போய் நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாளொன்றுக்குச் சுமார் 2,000 லாரிகள் போகும் சாலை. "பத்து சதவீதத்தை நிறுத்தினால் போதும்" என்கிறார் என் மேலாளர். சரியா?

உங்கள் சாலைக்குத் தற்செயலாகச் சரி. பொது விதியாகத் தவறு. நாளைக்கு 300 லாரிகள் போகும் சாலையில் பத்து சதவீதம் என்றால் 30 லாரிகள். அந்த முப்பதில் பாதி தொலைதூரம் போகின்றன என்று தெரிய வந்தால், உண்மை விகிதம் 33-க்கும் 67-க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதே பத்து சதவீதம், 20,000 லாரிகள் போகும் சாலையில் 2,000 ஆகிவிடும். பிழை 2 சதவீதப் புள்ளியாகச் சுருங்கும், உண்மை. ஆனால் அத்தனை லாரிகளை நிறுத்த இடத்துக்கும் ஆளுக்கும் எங்கே போவது?

95 சதவீத நம்பகத்தோடு, அதாவது நூறு முறை எடுத்தால் 95 முறை, 5 புள்ளிப் பிழைக்குள் நிற்க, எவ்வளவு பெரிய சாலையானாலும் 384 லாரிகள் போதும். 2,000 லாரிச் சாலைக்கு 322. மேலாளர் சொன்ன 200-இல் பிழை ஏறக்குறைய 6.6 புள்ளி. மோசமில்லை.

சிக்கல் வேறு இடத்தில் வரும். அறிக்கையில் டேங்கர்களுக்குத் தனி அட்டவணை வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். டேங்கர்கள் 5 சதவீதம் என்றால் உங்கள் 200-இல் பத்து டேங்கர்கள்தான் இருக்கும். பத்து ஓட்டுநர்களின் வாய்மொழியை வைத்து எரிபொருள் ஓட்டத்தை வரைபடமாக்க முடியாது. ஆகவே களத்துக்குப் போகும் முன்பே அறிக்கையின் அட்டவணைகளை வெற்றுக் கட்டங்களாக வரைந்துவிடுங்கள். எந்தக் கட்டத்தில் லாரிகள் மிகக் குறைவாக விழுமோ, அந்தக் கட்டம்தான் மாதிரியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: எந்த லாரியை நிறுத்துவது என்று யார் முடிவுசெய்ய வேண்டும்?

யாரும் முடிவுசெய்யக் கூடாது. விதி முடிவுசெய்ய வேண்டும். நேர்காணல் இடம் காலியானதும், குறித்துவைத்த கோட்டைத் தாண்டி அடுத்து வருகிற லாரி, அது எதுவானாலும், உள்ளே வர வேண்டும். இந்த விதி எழுத்தில் இல்லையென்றால் கொடி பிடிப்பவர் தமக்கு வசதியானதைச் செய்வார். வேகம் குறைந்து வருகிற சிறிய லாரியை நிறுத்துவது எளிது. முழுச் சுமையோடு வரும் நீண்ட டிரெய்லரை நிறுத்தக் கை தயங்கும். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அந்த இடத்தில் நின்று தயங்கியவன்தான். ஆனால் நாள் முடிவில் மாதிரி முழுக்கச் சிறிய லாரிகளாக இருக்கும். சாலையைத் தேய்க்கும் பெரிய வண்டிகள் தாளில் இருக்கவே இருக்காது.

பதில் சொல்ல மறுத்த ஓட்டுநரையும் பதிவுசெய்யுங்கள்: நேரம், திசை, வண்டியின் வகை, சுமை தெரிகிறதா இல்லையா. மறுத்தவருக்குப் பதிலாக இன்னொருவரை ஓடிப் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: இரவில் வேலை செய்யப் பணியாளர்கள் தயங்குகிறார்கள். பகலில் 12 மணி நேரம் மட்டும் எடுத்துவிட்டு இரட்டிப்பாக்கினால் என்ன?

இந்தக் கேள்விதான் என்னை எழுதவே உட்கார வைத்தது. பகல் லாரியும் இரவு லாரியும் வெவ்வேறு உலகம். பகலில் ஊருக்குள் விநியோகம் செய்பவை, கட்டுமானப் பொருள் ஏற்றிய டிப்பர்கள் மிகுதி. இரவில் தொலைதூர வண்டிகள்.

கற்பனை எண்களில் பார்ப்போம். பகலில் 600 லாரிகள் போயின, 150 பேரிடம் கேட்டோம். அவர்களில் 45 பேர், அதாவது 30 சதவீதம், தொலைதூரம். இரவில் 400 லாரிகள் போயின, 20 பேரிடம் மட்டுமே கேட்க முடிந்தது. 14 பேர், அதாவது 70 சதவீதம், தொலைதூரம். பகலை மட்டும் எடுத்து இரட்டிப்பாக்கினால் விடை 30 சதவீதம். இரண்டையும் அப்படியே கொட்டிக் கூட்டினால் 170-இல் 59, கிட்டத்தட்ட 35 சதவீதம். ஒவ்வொரு பகல் பதிலும் நான்கு லாரிகளுக்குச் சமம், ஒவ்வொரு இரவுப் பதிலும் இருபது லாரிகளுக்குச் சமம் என்று எடையிட்டுக் கூட்டினால் 180 + 280 = 460. ஆயிரத்தில் 46 சதவீதம்! பகலை இரட்டிப்பாக்கியவருக்கும் எடையிட்டுக் கூட்டியவருக்கும் 16 புள்ளி வேறுபாடு. புறவழிச்சாலை போடலாமா வேண்டாமா என்ற முடிவே மாறிவிடும்.

இந்தத் திருத்தம் நேர்காணலிலிருந்து கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கடந்து போன எல்லா வண்டிகளையும் மணிவாரியாக, திசைவாரியாக, சக்கர அச்சு எண்ணிக்கை வாரியாக எண்ணிய தாளிலிருந்து கிடைத்தது. நேர்காணல் ஓரிரு நாளோடு முடியட்டும். எண்ணிக்கையைச் சாலையின் குறுக்கே போடும் குழாய்க் கருவியாலோ கேமராவாலோ ஏழு நாட்களும் எடுங்கள்.

எடையிடுவதால் எல்லாம் சரியாகிவிடாது என்பதும் உண்மை. இரவின் இருபது பேரில் ஒருவர் மாடு ஏற்றி வந்திருந்தால், அறிக்கையில் இருபது மாட்டு லாரிகள் ஓடும். எனவே இரவுக்குக் குறைந்த ஆள் போட்டாலும் ஒப்புக்குப் போடாதீர்கள். வெளிச்சமுள்ள இடம் தேடுங்கள். லாரிகள் ஏற்கெனவே நிற்கும் சோதனைச்சாவடி, எடைமேடை, எரிபொருள் நிலையம் போன்றவை இரவில் பாதுகாப்பானவை. ஆனால் அங்கே நிற்காமல் போகும் வண்டிகள் எவை என்று தனியாகப் பாருங்கள்.

கேள்வி: ஒரு திசையில் மட்டும் கேட்டு, எதிர்த்திசைக்கு அதையே திருப்பிப் போட்டுக்கொள்ளலாமா? கார்களுக்கு அப்படித்தான் செய்கிறோம்.

காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் வீடு திரும்புவார். காலையில் போன சிமெண்ட் திரும்பாது. இரண்டு திசையும் வேண்டும்.

கேள்வி: காலி லாரிகளை நிறுத்தி நேரத்தை வீணாக்க வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். காலியாகப் போவதும் ஒரு விடைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவரங்களில் லாரிகள் ஓடும் தொலைவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெறும் ஓட்டம். காலி வண்டிக்குச் சரக்குக் கேள்விகளை விட்டுவிட்டு இரண்டு மட்டும் கேளுங்கள்: கடைசியாக எங்கே இறக்கினீர்கள், அடுத்து எங்கே ஏற்றப் போகிறீர்கள்.

கேள்வி: "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டால் ஓட்டுநர்கள் ஏதேதோ சொல்கிறார்கள். தரவு குழம்பிவிட்டது.

அவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள், கேள்விதான் குழப்பமானது. "எங்கிருந்து" என்றால் ஒருவர் தம் ஊரைச் சொல்வார், ஒருவர் முதலாளியின் ஊரைச் சொல்வார், ஒருவர் காலையில் தூங்கி எழுந்த இடத்தைச் சொல்வார். "இப்போது வண்டியில் இருக்கும் சரக்கை எங்கே ஏற்றினீர்கள்? முதலில் எங்கே இறக்குவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் இறக்குகிறவர் என்றால் எத்தனை இடம், கடைசி இடம் எது என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்றிய இடம் ஆலையா, கிடங்கா, துறைமுகமா, ரயில் நிலையமா என்பதையும் கேளுங்கள். கிடங்கில் ஏற்றிய சர்க்கரை அங்கே விளையவில்லை. சரக்கின் பயணம் வேறு, லாரியின் பயணம் வேறு. சாலையோரத்தில் நீங்கள் பிடிப்பது லாரியின் பயணத்தை மட்டுமே.

ஊர்ப் பெயர்களில் ஒரே பெயருக்குப் பல ஊர்கள் இருக்கும். அருகிலுள்ள பெரிய ஊரையும் சேர்த்துக் குறிக்காவிட்டால் பின்னால் அலுவலகத்தில் அமர்ந்து ஊகித்துக்கொண்டிருப்பீர்கள். ஓட்டுநரின் பெயர், தொலைபேசி எண் எதுவும் தேவையில்லை. அவற்றைக் கேட்ட மறுகணம் மற்ற பதில்களும் பொய்யாகிவிடும்.

கேள்வி: எடையைக் கேட்டால் எல்லோரும் அனுமதிக்கப்பட்ட அளவையே ஒப்பிக்கிறார்கள்.

ஒப்பிக்காமல் என்ன செய்வார்கள்? அபராதம் அவர்கள் தலையில்தானே விழும். சரக்குச் சீட்டைக் காட்டச் சொன்னால் ஓரளவு தெளிவு கிடைக்கும். சாலையின் தேய்மானத்தைக் கணிக்கத்தான் எடை வேண்டும் என்றால் வாய்ப்பேச்சை நம்பாமல், கையோடு கொண்டுபோகும் எடைப்பலகைகளில் அச்சு அச்சாக எடை போட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா அருகே 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிப் பார்த்த, அந்நாட்டு மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கத்தின் (ஆஷோ) சாலைச் சோதனையிலிருந்து வந்த தோராய விதி இது: சேதம் அச்சுச்சுமையின் நான்காம் அடுக்காக ஏறும். அச்சில் 20 சதவீதம் கூடுதல் சுமை என்றால் 1.2 × 1.2 × 1.2 × 1.2, சாலைக்கு ஏறக்குறைய இரு மடங்கு சேதம். ஓட்டுநர் சொல்லாமல் விழுங்கிய இரண்டு டன்னின் விலை அது.

எடை போடும் இடத்தில் அபராதம் விதிப்பவர்கள் இருக்கவே கூடாது. காவலர் வண்டியை ஓரங்கட்டிக் கொடுக்கட்டும், அத்தோடு விலகி நிற்கட்டும். "இன்று கணக்குக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு வண்டிக்கு அபராதச் சீட்டு எழுதினால், அன்றைய தரவை மூட்டை கட்டிவிடலாம்.

கேள்வி: தொடங்கி இரண்டு மணி நேரத்தில் லாரிகளே குறைந்துவிட்டன. ஏன்?

செய்தி போய்விட்டது. ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் சொல்லிக்கொள்வார்கள். முன்னால் நிறுத்துகிறார்கள் என்றால் மாற்றுவழி தெரிந்தவர் திரும்பிவிடுவார். அதுவும் அதிகச் சுமை ஏற்றியவர்தான் முதலில் திரும்புவார். கணக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பிருந்தே உங்கள் சாலையிலும் மாற்றுச் சாலையிலும் எண்ணிக்கைக் கருவிகளைப் போட்டுவையுங்கள். அன்று அங்கே கூடிய எண்ணிக்கை உங்களிடமிருந்து தப்பியது. அதைத் தடுக்க முடியாவிட்டாலும் அறிக்கையில் அளந்து சொல்ல முடியும். நேர்காணலை மூன்று நான்கு நிமிடத்தில் முடிப்பதும் உதவும். பத்து நிமிடம் நிறுத்தினால் நானே மாற்றுவழியில் போவேன்.

கேள்வி: ஒரே லாரி எங்கள் நான்கு கணக்கெடுப்பு நிலையங்களில் மூன்றைக் கடக்கிறது. மூன்று முறை எண்ணிவிடுகிறோமே?

போகும் வழியைக் கேட்டுக் குறித்துவையுங்கள். மூன்று நிலையங்களைக் கடக்கும் பயணத்துக்கு ஒவ்வொரு நிலையத்திலும் மூன்றில் ஒரு பங்கு என்று மட்டும் கணக்கில் சேர்த்தால் போதும். வழி தெரியாவிட்டால் எதுவும் செய்ய முடியாது.

கேள்வி: ஜிபிஎஸ் தரவே விலைக்குக் கிடைக்கும்போது சாலையில் ஏன் நிற்க வேண்டும்?

லாரி எங்கே போனது என்று ஜிபிஎஸ் சொல்லும், உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாது. தவிர, பெரிய நிறுவனங்களின் வண்டிகளே அதில் மிகுதி. ஒற்றை லாரி வைத்திருப்பவர் குறைவு. வழித்தடத்தையும் பருவகால ஏற்ற இறக்கத்தையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சரக்குக்குச் சாலையில் நின்றாக வேண்டும்.

கேள்வி: வரிசை நீண்டு நெடுஞ்சாலையையே அடைத்துவிட்டது. என்ன தவறு செய்தோம்?

கணக்குப் போடாமல் இறங்கிவிட்டீர்கள். நான்கு நிமிட நேர்காணல் என்றால் ஓர் ஆள் மணிக்கு 15 பேரை முடிப்பார் என்பது காகிதத்தில்தான். வண்டி நுழைந்து, நின்று, வெளியேறும் நேரத்தையும் சேர்த்தால் 10 முதல் 12 தேறும். டிரெய்லருக்கு 25 மீட்டர் என்று வைத்தால் நான்கு பேர் வேலை செய்ய 100 மீட்டர் அகன்ற ஓரம் வேண்டும், உள்ளே வரவும் வெளியேறவும் தனி. இடம் சமதளமாக, நேரான சாலையில் இருக்கட்டும். சுமை ஏற்றிய வண்டியை இறக்கத்தில் நிறுத்துவது ஆபத்து, ஏற்றத்தில் நிறுத்தினால் மீண்டும் கிளம்பத் திணறும்.

வரிசைக்கு ஓர் எல்லை வையுங்கள். எந்தப் போக்குவரத்துக் கூம்பு வரை வண்டிகள் நின்றால் எல்லோரையும் போகவிட வேண்டும் என்று காலையிலேயே குறித்து, அந்தக் கூம்பருகே ஒருவரை நிறுத்துங்கள். நேர்காணல் பாதியில் இருக்கிறது என்று யார் கெஞ்சினாலும் அவர் கொடியை அசைத்து வழிவிட வேண்டும். அடர்ந்த மழை, மூடுபனிக்கும் அதே விதி. அப்போதும் எண்ணிக்கைத் தாளை வைத்திருப்பவர் மட்டும் எழுதுவதை நிறுத்தக் கூடாது.