எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை என்றால், இரத்தத்தில் சைட்டோகைன் மட்டும் ஏன் கூடுகிறது?

சைட்டோகைன் என்பது நோயெதிர்ப்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சேதி. சின்னச் சின்னப் புரதங்கள்தான்.

அம்பாறைப் பக்கம் வேளாண்மைக் காவலை நினைத்துப் பாருங்கள். யானை இறங்கினால் வாடியில் இருப்பவர் கூவுவார், வெடி கொளுத்துவார். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல மூத்த காவல்காரர் ஒருவர் இருப்பார். அவர் இல்லாவிட்டால்? விடிய விடிய வெடிச்சத்தம் கேட்கும், ஆனால் யானை பாட்டுக்கு மேயும். போதாததற்கு, வெடிப்பொறி பட்டு வைக்கோலும் எரியும்.

அந்த மூத்தவர்தான் சிடி4 கலம், மற்ற நோயெதிர்ப்புக் கலங்களை வழிநடத்தும் வெள்ளை இரத்தக் கலம். எச்.ஐ.வி. அழிப்பது முக்கியமாக அவரைத்தான். ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் இந்தக் கலங்கள் 200க்குக் கீழே போனால் அதை முற்றிய நிலை என்பார்கள். அப்போது இன்டர்லூக்கின்-2 போன்ற, படை திரட்டும் சேதிகள் குறைகின்றன. இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். போன்ற அழற்சிச் சேதிகளோ ஏறுகின்றன. பெரிய காரணம் குடல். அங்கே சிடி4 கலங்கள் ஆரம்பத்திலேயே அழிந்து, குடற்சுவர் ஓட்டையாகி, பற்றீரியாவின் துணுக்குகள் இரத்தத்தில் கசிகின்றன. அவற்றைக் கண்டு மிச்சமிருக்கும் நோயெதிர்ப்புக் கலங்கள் ஓயாமல் அழற்சிச் சேதி அனுப்புகின்றன. ஓயாத காய்ச்சலிலும் மெலிவிலும் இந்தச் சேதிகளுக்குப் பங்குண்டு. கொடுமை என்னவென்றால், டி.என்.எஃப். வைரஸ் பெருகவும் உதவுகிறது.

வைரஸை அடக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தால் இந்த அழற்சி நன்றாகக் குறையும், முழுதாக அடங்காவிட்டாலும். இலங்கையில் அரசு சிகிச்சை நிலையங்களில் அவை இலவசம்.

அப்புறம், “காய்ச்சல் அடிக்கிறது, உடம்பு நன்றாகப் போராடுகிறது, எதிர்ப்புச் சக்தி கூட்டும் கசாயம் போதும்” என்று சிலர் நினைக்கிறார்கள். முற்றிய நிலையில் காய்ச்சல் பெரும்பாலும் காசநோய் போன்ற வேறொரு தொற்றின் அறிகுறி, உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.