ராஸ்பெரி பை 4: கிராபிக்ஸ் ட்ரைவரை எங்கே எடுப்பது?

கிளிநொச்சியில் பிள்ளைகளுக்கென்று வாங்கிய ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் படம் திக்கித் திக்கி ஓடுகிறது, ட்ரைவர் எங்கே எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தேடி டேட்டாவைக் கரைக்காதீர்கள்; அதன் கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் வி3டி (v3d) ட்ரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது, அதோடு வேலை செய்யும் மேசா என்ற கிராபிக்ஸ் மென்பொருளும் அதன் இயங்குதளமான ராஸ்பெரி பை ஓஎஸ்ஸோடு சேர்ந்தே வருகிறது.

முதலில் மேசா-யுடில்ஸ் (mesa-utils) பொதியை நிறுவி, டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ (glxinfo) கட்டளையை ஓடவிட்டு, படத்தை வரைவது எது என்று சொல்லும் ரெண்டரர் (renderer) வரியைப் பாருங்கள். வி3டி என்றிருந்தால் சரி, எல்எல்விஎம்பைப் (llvmpipe) என்றிருந்தால் முழுப் பாரமும் சிபியூவின் தலையில்தான். அப்படியென்றால் கான்பிக் கோப்பில் (config.txt) அந்த ட்ரைவரை இயக்கும் விசி4-கேஎம்எஸ்-வி3டி (vc4-kms-v3d) ஓவர்லே வரி இருக்கிறதா, அதை முடக்கும் # அதற்கு முன்னால் போட்டிருக்கிறதா என்று பார்த்துத் திருத்தி, ரீபூட் செய்யுங்கள். (2023 இல் வந்த புக்வேர்ம் என்ற ஓஎஸ் பதிப்பு முதல் அந்தக் கோப்பு பூட் (boot) அடைவுக்குள் ஃபேர்ம்வேர் (firmware) என்ற அடைவில் இருக்கிறது, பழைய வழிகாட்டிகளை நம்பி அலையாதீர்கள்.)

அப்புறம், வன்னி வெயிலில் சிப்பின் சூடு 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் வேகம் தானாகக் குறையும். அதற்கு ஃபேன்தான் வேண்டும், ட்ரைவர் அல்ல.