கேளுங்கள், கேட்டுச் சொல்கிறேன்

போன இதழில் விசிவி ராக் என்ற மென்பொருளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஆண்ட்ரூ பெல்ட் 2017-ல் வெளியிட்டது. ஒலி எழுப்பும் ஆசிலேட்டர், அதைச் செதுக்கும் ஃபில்டர், அதன் ஏற்ற இறக்கத்தை ஆளும் என்வலப் எல்லாம் தனித்தனி மாட்யூலாகத் திரையில் நிற்கும்; கேபிளை இழுத்து நாமே இணைத்து ஒலி உண்டாக்க வேண்டும். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே கேட்டிருப்பதால், இந்த முறை முழுக்க அதற்கே.

கேள்வி: ராக்கை இறக்கி ஒரு மாதமாகிறது. லைப்ரரியில் இலவசமாகக் கிடைத்த மாட்யூல்களை எல்லாம் சேர்த்துவிட்டேன். ராத்திரி உட்கார்ந்து, முன்பே அமைத்து வைத்த ஒலிகளை, பிரீசெட் பிரீசெட்டாக மாற்றிக் கேட்கிறேன். எல்லாமே பிரமாதம். ஆனால் இதுவரை ஒரு ட்யூன்கூட முடிக்கவில்லை. எங்கே தவறு? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: தம்பி, அந்த லைப்ரரியில் ஆயிரக்கணக்கான மாட்யூல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் கேட்டு நகர்ந்தால் காதுக்குப் புதுசு கிடைத்துக்கொண்டே இருக்கும், கைக்கு ஒன்றும் பழகாது. ட்யூன் போடுவது கைதான். அதனால் ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு ஒலி மாட்யூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை அழிக்க வேண்டாம், தொடாமல் இருந்தால் போதும்.

எதை எடுப்பது என்று கேட்டால், ஆடிபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தொகுப்பில் உள்ள மேக்ரோ ஆசிலேட்டர் 2-ஐச் சொல்வேன். பாரிஸில் எமிலி ஜிலே நடத்திய மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரித்த பிளெய்ட்ஸ் என்ற நிஜ மாட்யூலின் மென்பொருள் வடிவம் அது. தன் கருவிகளின் நிரல்களை அவர் எல்லோருக்கும் திறந்துவிட்டதால்தான் நமக்கு இது இலவசமாகக் கிடைக்கிறது. அந்தப் பெருந்தன்மைக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அதை முழுசாகக் கற்றுக்கொள்வது.

முதலில் வந்த அமைப்பில் 16 ஒலி வகைகள், எட்டு எட்டாக இரண்டு வரிசை. ஒரு வரிசையில் சுருதியோடு பாடுகிறவை: எஃப்எம், வேவ்டேபிள், கார்டு, பேச்சொலி போன்றவை. மற்றதில் இரைச்சல், கம்பி, டிரம் வகைகள். எல்லாவற்றுக்கும் அதே மூன்று குமிழ்கள்: ஹார்மோனிக்ஸ், டிம்பர், மார்ஃப். வகை மாறினால் குமிழ் செய்கிற வேலையும் மாறும். இதைவிட நல்ல பாடசாலை எனக்குத் தெரியாது.

மாட்யூலின் அவுட்டை, ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்பும் ஆடியோ மாட்யூலில் நேராகச் செருகுங்கள். ட்ரிக் (தட்டும் சைகையை வாங்கும்) ஜாக்கில் எதுவும் செருகாவிட்டால் அது நிற்காமல் ஒலிக்கும். மூன்று குமிழையும் நடுவில் வைத்து, டிம்பரை மட்டும் இடது கோடியிலிருந்து வலது கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். எந்த இடத்தில் ஒலி கூர்மையாகிறது, எந்த இடத்தில் அடிவயிறு காணாமல் போகிறது என்று நோட்டில் எழுதுங்கள். அப்புறம் மார்ஃப். அப்புறம் ஹார்மோனிக்ஸ். ஒரு ராத்திரிக்கு ஒரு வகை போதும்.

பிரீசெட்டையும் இப்படித்தான் அணுக வேண்டும். மாட்யூல் மேல் வலது க்ளிக் செய்தால் பிரீசெட் மெனு வரும். பிடித்த ஒன்றைத் திறந்து, கண்ட்ரோலும் டி-யும் சேர்த்து அழுத்துங்கள். பக்கத்திலேயே ஒரு நகல் வரும். அந்த நகல் மேல் மவுஸை வைத்து கண்ட்ரோலும் ஐ-யும் அழுத்தினால் அது ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். இப்போது வெறும் நிலையில் உள்ளதை, பிரீசெட்டில் உள்ளதன் ஒலி வரும்வரை நீங்களே குமிழ் குமிழாகக் கொண்டுபோங்கள். வேறொருவர் செய்த முழு பேட்சாக (மாட்யூல்களும் கேபிள்களும் சேர்ந்த அமைப்பாக) இருந்தால், ஓடவிட்டு ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்குங்கள். எது போனால் ஒலி செத்துவிடுகிறது, எது போனாலும் வித்தியாசம் தெரியவில்லை என்று கேளுங்கள். கண்ட்ரோல்-இசட் அடித்தால் கேபிள் திரும்ப வந்துவிடும். நிஜக் கருவியில் இந்த வசதி கிடையாது.

கண்ட்ரோல்-ஆர் அடித்துக் குமிழ்களைக் கண்டபடி கலைத்துவிடும் வித்தையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த மாதம் அதைத் தொட வேண்டாம். வந்த ஒலி ஏன் வந்தது என்று தெரியாவிட்டால் அடுத்த முறை வரவழைக்க முடியாது.

கேள்வி: சங்கீதம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். பேரன் என் கணினியில் இந்த ராக்கைப் போட்டுக் கொடுத்தான். அதிலிருக்கும் ஒலிகள் எல்லாம் விண்வெளிப் படம் மாதிரி இருக்கின்றன. ஒரு தம்பூரா கிடைக்குமா? (கும்பகோணம்)

பதில்: கிடைக்கும் டீச்சர். தம்பூரா பிரீசெட்டைத் தேடி அலைய வேண்டாம், நீங்களே கட்டிவிடலாம். இரண்டு மாட்யூல்தான் வேண்டும்: முன்பு சொன்ன அதே தொகுப்பில் ரெசனேட்டர், ராக்கோடு வரும் ஃபண்டமென்டல் தொகுப்பில், ஸ்வரங்களை வரிசையாக ஓட்டும் சீக்-3.

ரெசனேட்டர் என்பது ரிங்ஸ் என்ற கருவியின் மென்பொருள் வடிவம். தட்டினால் அதிரும் பொருளைக் கணக்கில் வார்த்தது. மேலே இரண்டு பொத்தான்கள். ஒன்று, ஒரே நேரத்தில் எத்தனை ஸ்வரம் ஒலிக்கலாம் என்பது, நாலு வையுங்கள். அப்போதுதான் ஒரு கம்பியை மீட்டும்போது முந்தைய கம்பி அறுந்துபோகாமல் கார்வையாக நிற்கும். மற்றப் பொத்தானை விளக்கு சிவப்பாகும் வரை அழுத்துங்கள். அது கம்பிக்கான நிலை. டேம்பிங் குமிழை வலப்பக்கம் நன்றாகத் திருப்பினால் கார்வை நீளும்.

அடுத்தது ஸ்ட்ரக்சர் குமிழ். அதைக் கால் பங்குக்குக் கீழே, இடது கோடியை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். வளைந்த குதிரையில் கம்பி தொட்டுத் தொட்டு அதிரும்போது வருகிற அந்த ரீங்காரம் எழும். குதிரைக்கும் கம்பிக்கும் நடுவில் நூலைத் தள்ளித் தள்ளி ஜீவா பிடிப்பீர்களே, அந்த வேலையை இங்கே இந்தக் குமிழ் செய்கிறது. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை உங்கள் காது என்னைவிட நன்றாகச் சொல்லும்.

இனி மீட்டல். சீக்-3-ன் முதல் வரிசை வெளியீட்டை எந்த ஸ்வரம் என்று சொல்லும் ரெசனேட்டரின் வி-ஆக்டேவ் ஜாக்கிலும், ட்ரிக் வெளியீட்டை ஸ்ட்ரம் ஜாக்கிலும் செருகுங்கள். ரெசனேட்டரின் இன் ஜாக்கை வெறுமனே விடுங்கள். ஒன்றும் செருகாவிட்டால் மீட்டும் விசையை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். ஸ்டெப்ஸை ஐந்தாக வையுங்கள். இந்த உலகத்தில் ஒரு ஸ்தாயி என்பது ஒரு வோல்ட். எனவே நடு சட்ஜமம் 0 வோல்ட், மந்திர சட்ஜமம் -1, மந்திர பஞ்சமம் -0.415. குமிழ் மேல் வலது க்ளிக் செய்து எண்ணை நேராகவே அடிக்கலாம். வரிசையாக -0.415, 0, 0, -1, மறுபடி -1. ஐந்தாவதன் கேட் பொத்தானை (மீட்டலாமா வேண்டாமா என்று சொல்வது) மட்டும் அணைத்துவிடுங்கள். அப்போது மந்திர சட்ஜமத்துக்குப் பிறகு ஒரு மூச்சு இடைவெளி கிடைக்கும். இயந்திரம் மீட்டுகிற அலுப்பு குறையும். வேகத்தை 60 அளவுக்குக் குறைத்து, ஃப்ரீக்வென்சி குமிழால் உங்கள் கட்டைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆட், ஈவன் என்று இரண்டு வெளியீடுகள் உண்டு. ஆடியோ மாட்யூலில் இடது வலது என்று செருகினால் கம்பிகள் இரண்டு காதுக்கும் பிரிந்து உட்காரும்.

-0.415 ஏன் என்று நீங்கள் நிச்சயம் கேட்பீர்கள். கீபோர்டின் பஞ்சமம் சட்ஜமத்திலிருந்து 700 சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்), அதாவது 0.583 வோல்ட். சுத்தமான 3:2 பஞ்சமம் ஏறக்குறைய 702 சென்ட், 0.585 வோல்ட். வித்தியாசம் சின்னதுதான். ஆனால் காந்தாரத்துக்குப் போனால் கதை வேறு. கீபோர்டின் அந்தர காந்தாரம் 0.333 வோல்ட், 5:4 விகிதத்தில் பார்த்தால் 0.322. கிட்டத்தட்ட 14 சென்ட் இடைவெளி. நல்ல தம்பூராவில் அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதன் மேல் கீபோர்டு காந்தாரத்தை வைத்தால் அலையடிக்கும். எந்த ஸ்வரத்தையும் நினைத்த இடத்தில் வைக்க முடிகிற கருவி என்பதால்தான் நம் ஊர்ப் பாடகர்கள் இதைத் தொட வேண்டும் என்று விடாமல் சொல்லி வருகிறேன்.

முடித்ததும் சேமித்துவிடுங்கள். மறுநாள் திறந்தால் கேபிள் முதற்கொண்டு அப்படியே இருக்கும்.

கேள்வி: குறும்படங்களுக்குப் பின்னணி இசை செய்கிறேன். பிரீசெட்டை அப்படியே பயன்படுத்துவது திருட்டு மாதிரி என்கிறான் நண்பன். உண்மையா? (ஈரோடு)

பதில்: இல்லை. பயன்படுத்துவதற்காகத்தான் செய்து வைத்திருக்கிறார்கள். 1960-களின் மோக் மாடுலர் சிந்தசைசரில் நினைவகம் இல்லை. ஒலி வேண்டுமென்றால் கேபிள் செருகி இருந்த நிலையைத் தாளில் வரைந்து வைப்பார்கள். 1978-ல் புராஃபெட்-5 என்ற சிந்தசைசர் வந்து, குமிழ்களின் நிலையைத் தானே நினைவில் வைத்துக்கொண்டது. 1983-ல் யமஹா டிஎக்ஸ்7. அதன் எலெக்ட்ரிக் பியானோ ஒலியை அப்படியே வைத்து அந்தக் காலத்தில் எத்தனையோ மேல்நாட்டுப் பாடல்கள் வந்தன.

நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். எந்தப் பாட்டுக்கு எந்த டோன் என்று நம்பர்களைச் சீட்டில் எழுதி, செலோடேப் போட்டு கீபோர்டின் தலையில் ஒட்டி வைத்திருப்போம். கல்யாண மேடையில் அந்தச் சீட்டுதான் சோறு போட்டது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் படத்துக்கு என்று வரும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஒலி காட்சியில் பேசுகிறவரின் குரலை மறைக்கிறதா? பிரீசெட்டுகள் தனியாகக் கேட்டால் கவர வேண்டும் என்று அகலமாக, எதிரொலி தடவிச் செய்யப்பட்டவை. எதிரொலியைக் கழற்றி, ஃபில்டரை இறக்கினாலே பாதி வேலை முடியும். எடுத்த ஒலி நண்பர் கொடுத்ததாக இருந்தால் மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இலவச ராக் போதுமா, காசு கொடுத்து வாங்க வேண்டுமா? (கோவை)

பதில்: போதும். இலவசம் தனி மென்பொருளாக ஓடும். பாட்டு ரெக்கார்டு செய்யும் மென்பொருளுக்குள்ளேயே பிளக்-இன்னாக ஓட வேண்டுமென்றால் மட்டும் காசு கொடுத்து வாங்கும் புரோ. அந்த ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் கேபிள் இல்லாமல், நிறைய பிரீசெட்டோடு ஒன்று வேண்டுமானால் சர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்தசைசர் இருக்கிறது. அதுவும் இலவசம்தான்.

கேள்வி: மாட்யூல் அதிகமானால் ஸ்பீக்கரில் பட பட என்று வெடிக்கிறது. பழைய லேப்டாப். (மன்னார்குடி)

பதில்: எஃப்3 விசையை அழுத்துங்கள். எந்த மாட்யூல் எவ்வளவு கணினி சக்தியைத் தின்கிறது என்று ஒவ்வொன்றின் மேலும் தெரியும். பெரும்பாலும் ஒரு ரிவெர்ப் (எதிரொலி) அல்லது ஒலி அலையைக் கண்ணுக்கு அழகாகக் காட்டும் ஸ்கோப் மாட்யூல்தான் பிடிபடும். கண்ட்ரோல்-இ அடித்து அதைத் தற்காலிகமாக ஒதுக்கிப் பாருங்கள். அப்படியும் வெடித்தால் ஆடியோ மாட்யூலில் பிளாக் சைஸை, அதாவது ஒரே தவணையில் கணக்கிடும் ஒலியின் அளவை, 512 ஆக்குங்கள். 48,000 ஹெர்ட்ஸில் அது சுமார் 11 மில்லி விநாடித் தாமதம். தம்பூராவுக்கும் நீளமான ஒலிகளுக்கும் உறைக்காது. கீபோர்டில் வேகமாக வாசிக்கும்போது விரல் பின்தங்குவதுபோலத் தோன்றினால் 256-க்கு இறக்கிக்கொள்ளுங்கள்.