குழந்தையின் பேச்சுத்திறன் மதிப்பீட்டுக்கு முன் வீட்டில் தமிழை நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம். லண்டனில் வளரும் உங்கள் இரண்டரை வயது மகளுக்கு ஆங்கிலத்தில் 30 சொற்களே தெரிகின்றன என்று மழலையர் பள்ளியில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் பாதிக் கணக்காகவே இருக்கும். இருமொழிக் குழந்தையின் சொற்களை இரு மொழிகளையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

1. ஒரு வாரம் குறிப்பேட்டில் அவள் தானாகச் சொல்லும் சொற்களையும், ‘அம்மா வா’, ‘மோர் (more) பால்’ போன்ற சேர்க்கைகளையும், யாரிடம் சொன்னாள் என்பதோடு எழுதுங்கள்.

2. ‘பழம்’ என்பதைப் ‘பயம்’ என்பதும், ‘இது பந்து’ என்னும் தமிழ் அமைப்பிலேயே ‘திஸ் பால்’ (this ball) என்பதும் இந்த வயதில் இயல்பு என்பதைத் மதிப்பீடு செய்யும் தமிழறியாத பேச்சு நிபுணரிடம் நீங்களே விளக்குங்கள்.

3. தமிழ் மொழிபெயர்ப்பாளரை இப்போதே கேட்டு வையுங்கள். உறவினர் வேண்டாம், பாசத்தில் குழந்தையின் பேச்சைத் திருத்திச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் இரு மொழிகளையும் சேர்த்தும் 50 சொற்கள் தேறாவிட்டால், அல்லது இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டால், இருமொழிச் சூழலைக் காரணமாக்கித் தள்ளிப்போடாமல், மதிப்பீட்டுடன் செவித்திறன் பரிசோதனையையும் கேளுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுச்செவியில் நீர் தேங்கியிருப்பது எளிதில் கண்ணுக்குத் தெரியாது.