கேசிங்கோடு வந்த பவர் சப்ளை போதுமா?

கிளிநொச்சியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஐ5-12400எஃப் புரொசசரும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்ட்டும் போட்டு வீட்டிலேயே கணினி பூட்டப் போகிறாராம். கேசிங்கோடு '500 வாட்ஸ்' பவர் சப்ளை ஒன்றும் வந்திருக்கிறது, பொழுதுபட்டால் கரண்ட் இறங்குகிற இடம், அதையே போடலாமா என்பது கேள்வி.

வேண்டாம் தம்பி. நீங்கள் அனுப்பிய ஸ்டிக்கர் படத்தில் 500 என்பதை விட்டுவிட்டு +12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள், 18 அம்பியர் என்று இருக்கிறது. 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட்ஸ், அவ்வளவுதான். புரொசசரும் கிராபிக்ஸ் கார்ட்டும் இழுப்பது இந்த லைனில் இருந்துதான், மற்ற லைன்களில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அதற்கு உதவாது.

உங்கள் புரொசசர் உச்சத்தில் 117 வாட்ஸ் எடுக்கும், 3060 கார்ட் 170. இரண்டும் சேர்ந்தே 287 ஆகிறது, மதர்போர்ட், ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் ஒரு 50 வையுங்கள். கேம் ஓடும்போது கார்ட் கண நேரத்துக்குக் கணக்கைத் தாண்டியும் இழுக்கும். 3060இன் சிப்பைச் செய்கிற என்விடியா கம்பனி அதற்குச் சொல்வது 550 வாட்ஸ் பவர் சப்ளை, அதையே எடுங்கள், ஆனால் 12 வோல்ட் லைனில் 40 அம்பியருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பிறகு பெரிய கார்ட் போடும் எண்ணம் இருந்தால் 650. கரண்டை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்று காட்டும் 80 பிளஸ் தரத்தில் பிரான்ஸ் போதும், அதைவிட உயர்ந்த கோல்டுக்குக் கொடுக்கிற காசில் யூபிஎஸ் வாங்கலாம்.

கரண்ட் இறங்குவதற்கு, இன்புட் 100-240 வோல்ட் என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். 230 வோல்ட் 190க்கு இறங்கினாலும் அது தாங்கும். பின்பக்கம் 115/230 என்று சின்னச் சிவப்பு சுவிட்ச் இருந்தால் பழைய வகை, அதை 115 பக்கம் தள்ளி கரண்ட் கொடுத்தால் வெடித்துவிடும்.

வயர்களில், புரொசசருக்கு 4+4 பின், கார்ட்டுக்கு 6+2 பின். பெரும்பாலான 3060 கார்ட்களுக்கு ஒரு 8 பின் தான். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, மாறிப் போகாமலிருக்க முனைகளின் வடிவம் வேறு, போகாவிட்டால் அமத்த வேண்டாம். வயர் கழற்றிப் பூட்டுகிற மொடியூலர் வகை வாங்கினால் இன்னொரு பவர் சப்ளையின் வயரை அதில் ஒருநாளும் போடாதீர்கள், பின் வரிசை கம்பனிக்குக் கம்பனி வேறு, ஹார்ட் டிஸ்க் போய்விடும்.

யூபிஎஸ் என்றதும் 650 விஏ வாங்கிவிடாதீர்கள், அது பெரும்பாலும் 360 வாட்ஸ் தான், கேம் ஓடும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும். 1000 விஏக்கு மேல் பாருங்கள்.

இன்னொன்று, கேசிங்கின் இரும்பைத் தொட்டால் சுர்ரென்று கடிக்கிறதா? பலர் பவர் சப்ளை பழுது என்று மாற்றிக்கொண்டிருப்பார்கள், பெரும்பாலும் காரணம் சுவர்ப் பிளக்கில் எர்த் இல்லாததுதான். நல்ல பவர் சப்ளையிலும் இது வரும். வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபாருங்கள், கரண்ட் கசிந்தால் தானாக நிற்கிற றிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை நிப்பாட்டுவது காணாது, பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டரில் இருந்து வரும் இன்டர்நெட் வயரையும்.