குறவன் சால்வை: பெயரை மட்டும் மாற்றுங்கள்

முதல் காட்சி அன்று பின்பாட்டுக் கூட்டத்தில் மூத்தவருக்கு 'குறவன் சால்வை' போர்த்துவது உங்கள் புதுச்சேரி நாடகக் குழுவின் வழக்கம், புதிதாக வந்த பெண்ணுக்கு அந்தப் பெயர் உறுத்துகிறது, பெரியவர்களோ பாரம்பரியத்தில் கை வைக்காதே என்கிறார்கள், அவ்வளவுதானே?

தாராளமாக மாற்றலாம். நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகங்களில் 1950 முதல் இதே மாதிரி ஓர் அங்கி கைமாறி வருகிறது. அதன் பெயரில் இருந்த 'ஜிப்ஸி' ரோமா என்ற நாடோடி இன மக்களை இழிவுபடுத்தும் சொல் என்பதால் அமெரிக்க மேடை நடிகர் சங்கமே 2018இல் அதை 'லெகசி ரோப்' ஆக்கியது. அணிந்தவர் மேடையை மூன்று முறை சுற்றுவதும், ஒவ்வொரு நாடகத்தின் நினைவாக ஒரு துண்டு தைப்பதும் அப்படியே நடக்கிறது, யாரும் எதையும் இழந்துவிடவில்லை. நம் பக்கம் குறவர் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்று குறவன் குறத்தி ஆட்டத்துக்கே 2023இல் தமிழக அரசு தடை போட்டது (அந்த ஆணை புதுச்சேரிக்குப் பொருந்தாது, சரி, ஆனால் கடலூருக்கும் ஆடப் போவீர்கள் அல்லவா).

வாக்கெடுப்பு மட்டும் வேண்டாம், பெரியவர்கள் முறைத்துக்கொள்வார்கள். கடைசியாகச் சால்வை வாங்கியவரையே புதுப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் தமிழ் நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர். அவர் சமாதி உங்கள் புதுச்சேரி கருவடிக்குப்பத்தில்தானே இருக்கிறது, எந்தப் பெரியவர் மறுப்பார்?