தோள்சீலையும் பவுன் கணக்கும்

கேள்வி: வரதட்சிணை தவறு என்பதை எங்கள் பகுதியில் அறியாதவர் இல்லை; 1961 முதல் சட்டமும் இருக்கிறது. ஆயினும், எழுத்தறிவில் முன்னிற்கும் குமரி மாவட்டத்தில் பவுன் கணக்குப் பேசாமல் கல்யாணம் நிச்சயமாவது அரிதாக இருக்கிறதே. ஒரு கருத்து எப்போதுதான் வழக்கமாக மாறும்?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கேட்டுத் தெரிந்துகொள்வதற்கும் அதன்படி நடக்கத் துணிவதற்கும் இடையே நீண்ட தூரம் உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவிய விதத்தை பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்னும் ஆய்வாளர்கள் 1943இல் எழுதினார்கள். புதிய விதையைப் பற்றி விவசாயிகளிடம் முதலில் சொன்னவர்கள் பெரும்பாலும் விற்பனையாளர்கள். விதைக்கலாம் என்ற நம்பிக்கையைத் தந்ததோ பக்கத்து நிலத்துக்காரரின் விளைச்சல். லாபம் கண்ணெதிரே தெரிந்த விதைக்கே ஊர் முழுவதும் பரவப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வரதட்சிணையிலோ முந்துகிறவருக்கு நஷ்டம். கேட்காத மாப்பிள்ளை வீட்டை, பையனுக்கு ஏதும் குறை இருக்குமோ என்றுதான் ஊர் முதலில் பார்க்கும்.

நஷ்டத்தோடு வரும் மாற்றம் எப்படி வேரூன்றியது என்பதற்கு உங்கள் மண்ணிலேயே சான்று உண்டு. தென் திருவிதாங்கூரில் 1822இல் மூண்ட தோள்சீலைப் போராட்டத்தின்போது, நாடார் பெண்கள் மேலாடை அணிவதை 1829இல் அரசாணையே மறுத்தது. அதற்குப் பின்னும் அவர்கள் பின்வாங்கவில்லை. தனித்தனியாக நின்றிருந்தால் அது இயன்றிராது. வாரந்தோறும் கூடிய கிறிஸ்தவ சபையும், பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடமும், மிஷனரிப் பெண்கள் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலால் கைக்கு வந்த கூலியும் அவர்களைத் தாங்கின. சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், சபையின் வழியை ஏற்காமலே, அதே காரியத்தை வேறு விதமாகச் செய்தார். எல்லாச் சாதியாரும் முத்திரிக்கிணற்றில் ஒன்றாக நீராடினர், சேர்ந்து உண்டனர். ஆண்கள் தலைப்பாகை கட்டி வழிபட்டனர். ஊர் ஊராக எழுந்த நிழல்தாங்கல்கள் என்னும் சிறு வழிபாட்டிடங்கள் அந்தப் பழக்கத்தை அணையாமல் காத்தன. 1859இல் அரசு இறங்கிவந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி தந்தது. அதாவது, தெருவில் ஏற்கெனவே நடந்துவிட்டதில் பாதியைத்தான் ஆணை ஒப்புக்கொண்டது.

1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அப்படித் தாங்கிப் பிடிக்கும் கூட்டம் அமையவில்லை என்பது என் கருத்து. வாங்குபவரோடு கொடுப்பவரையும் அது குற்றவாளியாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் தரும் வாக்குமூலத்தைக் கொண்டு அவர்மீதே வழக்குத் தொடுக்க முடியாது என்ற விலக்கு அதிலேயே இருந்தும், மகளின் வாழ்க்கை கெட்டுவிடுமே என்று அஞ்சும் தகப்பனார் வாய் திறப்பதில்லை. உறவு முறிந்த பிறகே புகார் எழுகிறது.

ஆகவே பெண்ணைப் பெற்றவர்களிடம் உபதேசம் செய்வதை விட்டு, கல்யாண வயதை எட்டும் மகன்கள் உள்ள வீடுகளில் பேசுங்கள். அதுவும் ஒரு வீட்டில் மட்டுமல்ல, ஒரே சபையிலோ சமுதாய சங்கத்திலோ இருக்கும் நாலைந்து வீடுகளை ஒன்றாக உட்காரவைத்து.